உன்னைப் பழக்குவது யார்?

"என் மண்டையில் எதுவும் ஏறாது" என்கிறாயா? பொய்!

கண் விழித்ததும் கை எங்கே போகிறது? செல்போனுக்கு! அதை எந்த டியூஷனில் படித்தாய்?

'டிங்' என்று ஒரு சத்தம். அது தூண்டுதல். எடுத்துப் பார்த்தால் ஒரு லைக். அது வெகுமதி. இப்படியே ஆயிரம் தடவை நடந்தால் பழக்கம் ஒட்டாமல் என்ன செய்யும்?

உனக்குக் கற்கத் தெரியும். என்ன கற்பது என்பதைத்தான் அடுத்தவனிடம் விட்டுவிட்டாய்!

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் வெளியிட்ட ஆய்வைக் கேள். பசித்த பூனை மரக்கூண்டுக்குள். மீன் வெளியே.

பூனை கடித்தது. பிறாண்டியது. இடுக்கில் உடம்பைத் திணித்தது. அத்தனையும் தோல்வி! தற்செயலாகக் கால் ஒரு கயிற்று வளையத்தை இழுத்தது. கதவு திறந்தது. மீன் கிடைத்தது.

மறுபடி அடைத்தார். மறுபடியும் பிறாண்டல்தான். ஆனால் வெளியே வரும் நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் உள்ளே விட்டதுமே வளையத்தை இழுத்தது!

அது மேதையா? இல்லை. பலன் தராத அசைவு உதிர்ந்தது. பலன் தந்த அசைவு நிலைத்தது. அவ்வளவுதான்!

ஒரு மாதிரித் தேர்வில் மார்க் குறைந்ததற்கா புத்தகத்தை மூடினாய்? எதை விட வேண்டும் என்று தோல்வி சொல்ல வந்தபோது நீ எங்கே ஓடினாய்?

"மனசு வந்தால் படிப்பேன்" என்று சொல்லாதே. மனசு தானாக வராது. வரவழை!

தினமும் அதே நேரம். அதே மேசை. அதுதான் உன் தூண்டுதல்.

பரீட்சை முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரை மனசு பொறுக்குமா? பொறுக்காது! இன்றைய உழைப்புக்கு இன்றே கூலி கொடு. பத்துக் கணக்கு முடி, பிறகு டீ குடி. டீ முதலில் என்றால் கணக்கு நாளைக்குத்தான்!

"செல்போனைத் தொடாமல் நாலு நாள் தாக்குப்பிடித்தேன், ஐந்தாம் நாள் வழுக்கிவிட்டேன்" என்று புலம்புகிறாயா?

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இதையும் பார்த்துவிட்டார். ஒலி கேட்டால் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, ஒலி கேட்டதுமே எச்சில் ஊறும். உணவு தராமல் ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். கொஞ்சம் இடைவெளி விட்டு ஒலித்தால் மறுபடி ஊறும்! பழைய பழக்கம் ஒரே நாளில் சாகாது.

வழுக்கியது உன் கோழைத்தனம் அல்ல. எழாமல் கிடப்பதுதான் கோழைத்தனம்!

செல்போனை அடுத்த அறையில் வை. பேனாவைத் திற. முதல் கணக்கைப் போடு.

நாளைக்கு அல்ல. இப்போதே!