சுத்த உணவும் சுத்த உள்ளமும்

யானைக்கவுனி என்னும் பெயருக்குள் ஒரு மதிலும் ஒரு வாசலும் மறைந்துள்ளன. ‘கவுனி’ என்பது கோட்டை மதிலின் வாசல். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றி, 1759 பிப்ரவரி வரை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அந்த அச்சம் நீங்காத கம்பெனியார் பின்னர் கறுப்பர் நகரத்தைச் சூழ மதில் எழுப்பினர். அம்மதிலின் மேற்குப்புற வாசல்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதிலுக்கான செலவை மக்களிடமிருந்து வரியாகத் திரட்ட நினைத்த எண்ணம் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயரில் நிலைத்துவிட்டது. இன்று அவ்வாசல் இல்லை. மதிலின் எஞ்சிய பகுதியைக் காணவேண்டுமாயின் பழைய வண்ணாரப்பேட்டையின் மாடிப்பூங்காவிற்குச் செல்லவேண்டும்.

கல்மதில் போயிற்று, மனிதன் மதில் கட்டுவதை நிறுத்திவிட்டானா? உணவைக் கொண்டும் மதில் எழுப்பலாம், அதே உணவைக் கொண்டு வாசலும் திறக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க யானைக்கவுனியே ஏற்ற இடம்.

இதனை அடுத்துள்ள சௌகார்பேட்டையில் குஜராத்திலிருந்தும் இராஜஸ்தானிலிருந்தும் வந்து குடியேறிய வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தங்கச்சாலைத் தெருவில் சமணக் கோயில் உண்டு. புலாலும் மீனும் முட்டையும் மட்டுமன்றி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முதலியவற்றையும் விலக்குவோர் இங்கே பலர். செடியை வேரோடு பிடுங்கினால் அச்செடியும், மண்ணுக்குள் அதைச் சார்ந்த சிற்றுயிர்களும் மடியுமே என்பது அவர்தம் கவலை. எனவே ‘முட்டை சேர்க்காதது’ என்னும் அறிவிப்பு இப்பகுதிப் பேக்கரிகளுக்குப் புதியதன்று. அண்மைக் காலத்தில் பாலையும் வெண்ணெயையும்கூட விலக்கி, தாவரப் பொருள்களை மட்டுமே கொண்டு ‘மஃபின்’ என்னும் கிண்ண வடிவக் கேக்குகளைச் செய்யும் சிறு கடைகளும் நகரங்களில் தோன்றியுள்ளன. இத்தகைய உணவுக்கென 2022-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகளையே வகுத்துள்ளது.

அத்தகைய கடையொன்றினுள் நுழைவோம். முட்டையின்றிக் கேக் எழும்புமோ என்னும் ஐயம் நமக்கு இயல்பாக எழும். முட்டை அங்கே பல வேலைகளைச் செய்கிறது. அதன் புரதம் சூட்டில் இறுகி மாவுக்கு உருக்கொடுக்கிறது. அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்து மென்மை சேர்க்கிறது. மஞ்சள் கருவோ எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைக்கிறது. இவ்வேலைகளைத் தாவரப் பொருள்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பொடித்து நீரில் ஊறவைத்த ஆளிவிதையின் வழவழப்பு மாவைப் பிணைக்கும். மசித்த வாழைப்பழம் ஈரமும் இனிமையும் தரும். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலக்குங்கால் எழும் கரியமில வாயு மாவை உப்பச் செய்யும். பாலின் இடத்தில் தேங்காய்ப்பால். வெண்ணெயின் இடத்தில் கடலையெண்ணெய். மைதாவின் இடத்தில் கேழ்வரகும் கோதுமையும். வெள்ளைச் சர்க்கரையின் இடத்தில் வெல்லம். ஒன்றை விடுத்தவன் வெறுங்கையனாகிவிடுவதில்லை. விட்டதன் இடத்தில் வேறு நன்மைகளைத் தேடிக் கண்டடைகிறான். துறவு வாழ்வை அறிந்தோர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

ஆயினும் ஒரு வினா நம்மை நிறுத்துகிறது. முதல் உலகப்போரின்போதும், 1930-களின் பொருளாதார நெருக்கடியின்போதும் அமெரிக்க இல்லங்களில் முட்டையும் பாலும் வெண்ணெயும் இன்றிக் கேக் செய்தனர். அவர்தம் வீட்டில் அவை இல்லை, அல்லது வாங்க வழியில்லை. இல்லாமையால் விடுவது வேறு. இருந்தும் விடுவது வேறு. தட்டில் இருக்கும் கேக் ஏறத்தாழ ஒன்றுதான். அவ்வாறாயின் அறம் எங்கே இருக்கிறது? பொருளிலா, விடுகின்ற மனத்திலா? மனத்தில் எனின், அம்மனத்தில் இருக்கவேண்டியது எது?

‘சுத்தம்’ என்பதே பலர் தரும் விடை. ‘சுத்த சைவம்’ என்று உணவகங்கள் பலகை வைக்கின்றன. நம் கத்தோலிக்க வழக்கிலும் புலால் விலக்கும் நாளுக்குச் ‘சுத்த போசனம்’ என்பதே பழைய பெயர். நோன்புக்கு ‘ஒருசந்தி’ என்பது பெயர். ஆனால் இச்சொல் உண்மையை முழுதும் சொல்லவில்லை. விலக்கும் உணவு அசுத்தமானது என்று திருச்சபை கற்பிக்கவில்லை. அசுத்தமாயின் உயிர்ப்புப் பெருவிழாவன்று அதனை உண்டு மகிழ்வதெங்ஙனம்? இடைக்கால மேலைத் திருச்சபையில் தவக்காலத்தில் புலாலோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் விலக்கப்பட்டன. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. இன்று புதுமையெனக் கருதப்படும் தாவர உணவு, நம் முன்னோர்க்குத் தவக்கால உணவாகவே இருந்தது. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று ஒன்று உள்ளது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண இசைவு பெற்றோர் அளித்த காணிக்கையால் அது எழுந்தது என்பர். காணிக்கை தந்து கடக்கத்தக்க விதியொன்று, அவ்வெண்ணெயைத் தன்னியல்பில் தீயதென்று கருதியிருக்க இயலாது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைச் சீரமைத்தபோது, புலால் விலக்கும் விதி முட்டைக்கும் பாற்பொருள்களுக்கும் பொருந்தாது என்பதைத் தெளிவாக்கினார். விதி மாறியது, உண்பொருள்களின் இயல்பு மாறவில்லை.

வெளியிலிருந்து மனிதருக்குள் செல்வது அவரைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படும் தீமையே தீட்டுப்படுத்தும் என ஆண்டவர் இயேசு கற்பித்தார். யோப்பாவில் வீட்டின் மேல்தளத்தில் பசித்திருந்த பேதுருவுக்குக் கிடைத்த காட்சியை நாம் அறிவோம். வானிலிருந்து இறங்கிய விரிப்பில் எல்லா வகை உயிரினங்களும் இருந்தன. உண்ணுமாறு குரல் பணித்தது. நாம் கருதவேண்டியது அக்காட்சிக்குப் பேதுரு கண்ட பொருளையே. கொர்னேலியுவின் இல்லத்தில் நின்று அவர் பேசியபோது, எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனக் கருதலாகாது என்பதையே தாம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். உணவில் தொடங்கிய காட்சி மனிதரில் முடிந்தது. அதே பேதுரு பின்னாளில் அந்தியோக்கியாவில் பிற இனத்தாருடன் உண்பதினின்று விலகி நின்றபோது, பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். பந்தியிலிருந்து எழுந்து போவது உணவு பற்றிய செய்தி மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவ்வாறாயின் விலக்குதல் வீணோ? வீணன்று. அதே பவுல்தான், தாம் உண்ணும் உணவு சகோதரரின் வீழ்ச்சிக்குக் காரணமாகுமெனில் என்றுமே புலால் உண்ணப்போவதில்லை என்றும் உறுதி கூறினார். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் இறைவன் மானிடருக்கு உணவாக அளிப்பவை விதை தரும் செடிகளும் கனி தரும் மரங்களுமே. வெள்ளப்பெருக்குக்குப் பின்னரே புலாலுக்கு இசைவு வருகிறது. நம் வள்ளுவப் பெருந்தகையும் ‘புலால் மறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அது நிற்கும் இடம் நோக்கத்தக்கது. நாம் ஓதிவரும் வரிசையில் 25-ஆவது அதிகாரம் ‘அருளுடைமை’. 26-ஆவது ‘புலால் மறுத்தல்’. அருளைப் பேசி முடித்த பின்னரே உணவைப் பேசுகிறது அந்நூல். தூய்மையன்று, அருளே இவ்விலக்கின் வேர். கன்றுக்குரிய பாலை நாம் பறிக்கலாமோ, சிறு கூண்டில் அடைபட்ட கோழியின் முட்டை நமக்குத் தகுமோ எனத் தயங்குபவரின் தயக்கத்தில் அருள் உண்டு. அதனை எள்ளி நகையாடுதல் நமக்கு அழகன்று.

அதே நூலில் 9-ஆவது அதிகாரம் ‘விருந்தோம்பல்’ என்பதையும் நாம் மறக்கலாகாது. அருளில் பிறந்த நோன்பு விருந்தைச் சுருக்காது. வேரில் அருள் வற்றிச் ‘சுத்தம்’ மட்டும் எஞ்சும்போதோ, நோன்பு மதிலாகிறது. நம் நகரில் ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என வீடுகள் வாடகைக்கு விடப்படுவதை யார் அறியார்? யானைக்கவுனியிலிருந்து காசிமேடு தொலைவில் இல்லை. அங்கே மீனே தொழில், மீனே உணவு; வலையிழுத்த கையே பிள்ளைக்குச் சோறூட்டும் கை. அவ்வுணவை அசுத்தம் என்றுரைக்கும் நாவு, கடலோடு போராடும் மனிதரையும் அசுத்தம் என்றுரைக்கிறதன்றோ? அவரும் கலிலேயாவின் பேதுருவும் ஒரே தொழிலினர்.

வேறொரு மதிலும் உண்டு. அது விலையால் எழுவது. கேழ்வரகும் வெல்லமும் ஒரு காலத்தில் ஏழையின் உணவு. இன்று அவை அழகிய காகிதக் கிண்ணத்தில் ஏறி, அந்த ஏழைக்கே எட்டாதனவாகின்றன. தாவரம் என்பதாலேயே ஓர் உணவு நலமாகிவிடுவதுமில்லை. வனஸ்பதியும் தாவரத்திலிருந்து வந்ததே. ஆயினும் அத்தகைய கொழுப்புகளில் உள்ள மாறுபக்கக் கொழுப்பின் தீங்கு கருதி, அதனை நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாதவாறு 2022 முதல் அரசு கட்டுப்படுத்த நேர்ந்தது. எனவே நல்லுணவு எது என்று வினவுவோர், அதில் என்ன இல்லை என்பதோடு நின்றுவிடலாகாது. அதில் என்ன இருக்கிறது, அதனைச் செய்தவர் என்ன ஊதியம் பெற்றார், அதனை வாங்க இயலாதவர் யார் என்றும் வினவவேண்டும்.

இவ்வினாக்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் எளிய விடை உண்டு. தமிழகத்தில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் வழங்கப்பட்டது. ஒரே பள்ளி, ஒரே வரிசை. ஒரு தட்டில் முட்டை, அடுத்த தட்டில் பழம். முட்டை உண்ணும் பிள்ளையை அசுத்தம் என்று எவரும் ஒதுக்கவில்லை. உண்ணாத பிள்ளையைப் பசியோடு எழுப்பவுமில்லை. மஃபினில் முட்டையின் இடத்தை ஏற்கும் அதே வாழைப்பழம், இங்கே இரு பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்துகிறது. நோன்பும் விருந்தோம்பலும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முட்டையும் பாலும் இல்லாத அக்கேக்குக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. சமணரும், சைவரும், தவக்கால நோன்பிருக்கும் கிறிஸ்தவரும், மீனுண்ணும் காசிமேட்டுக்காரரும் தயக்கமின்றிக் கைநீட்டக்கூடிய பண்டங்களுள் அது ஒன்று. தன் உணவை மட்டும் காத்துக்கொள்ள ஒருவர் அதனைச் செய்தால், அது அவருக்கு மதில். பிறரும் தம்மோடு அமரவேண்டும் என்று செய்தால், அது வாசல். மாவு ஒன்றே, அடுப்பும் ஒன்றே.

வரும் தவக்காலத்தில் நாம் எதை விடப்போகிறோம் என்று எண்ணும்போது, விட்டதனால் மிஞ்சுவது யாருடைய தட்டுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்தே எண்ணுவோம். நம் நோன்பு ஒரு பசித்தவருக்கு உணவாகவும், ஒதுக்கப்பட்டவருக்குப் பந்தியில் இடமாகவும் கனியுமாயின், அந்நாளைச் ‘சுத்த போசனம்’ என்று நாம் அச்சமின்றி அழைக்கலாம். அப்போது அச்சொல் நம் உணவைக் குறிக்காது. நம் உள்ளத்தைக் குறிக்கும்.