தன்னைத் தானே நிறுப்பது

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டாவிட்டால் அது மரமாகிவிடும். பார்வைக்குச் செழித்து நிற்கும். கொழுந்துதான் கைக்கு எட்டாது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு கவ்வாத்து உண்டு. அதற்கு நிறுவன மீளாய்வு என்று பெயர்.

இந்தியாவில் இதனைத் தர அங்கீகாரம் என்பர்; அதற்கெனவே 1994இல் பெங்களூரில் ஒரு தேசியப் பேரவை அமைக்கப்பட்டது. இங்கோ, அரச பல்கலைக்கழகத்துக்கு அந்தஸ்து வழங்குவது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மீளாய்வு ‘ஏ’ முதல் ‘டி’ வரை ஒரு தரத்தை மட்டும் சூட்டுகிறது. முதலில் பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதுகிறது. நிர்வாகம், பாடத்திட்டம், கற்பித்தல், பரீட்சை, ஆராய்ச்சி, சமூகத் தொடர்பு எனப் பத்து அளவுகோல்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணச் சான்று வேண்டும். பின்னர் பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வந்து, கோப்புகளைப் புரட்டி, மாணவரோடும் ஊழியரோடும் உரையாடித் தம் முடிவைத் தருகின்றனர்.

கொழுந்து மடுவத்தில் தொழிலாளப் பெண் தராசைத் தொடுவதில்லை. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்து, பிறர் சொல்லும் எடையே அவள் எடை. பல்கலைக்கழகமோ தன் எடையைத் தானே முதலில் எழுதும் உரிமை பெற்றது. இவ்வுரிமையை நாம் பழிக்கவில்லை. உண்மையைத் தேடுவதே தொழிலாகக் கொண்ட நிறுவனம், தன்னைப் பற்றிய உண்மையையும் தானே கூற வல்லதாயிருத்தல் வேண்டும் என்பது உயர்ந்த கொள்கை அல்லவா? ஆயினும் தரம் பரிசாகுமிடத்தில் குறையை எழுதும் கை தயங்கும். அதிகாரி வரும் நாளுக்காகச் சுவருக்கு வெள்ளையடிக்கும் பள்ளிக்கூடங்களை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களல்லர். வெளியார் கண் மட்டும் போதும் என்பதற்கும் இடமில்லை. 2025 பெப்ரவரியில் அந்த இந்தியப் பேரவையின் ஆய்வுக்குழுவினர் சிலர், சாதகமான தரம் வழங்க இலஞ்சம் பெற்றனர் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர்.

பின், அறிக்கை யாருக்கு எழுதப்பட வேண்டும்?

ஹட்டனுக்கு ஏறும் இரயில் பாதை பேராதனையைக் கடந்தே வருகிறது. 1952இலிருந்து பல்கலைக்கழகம் அங்கிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்தான். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத அனுமதி ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் அடங்கும்; ஆனால் மாவட்டத்தை எண்ணும் அவ்விதி தோட்டத்தைத் தனியே எண்ணுவதில்லை. நகரப் பாடசாலைப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் அங்கே ஒரே இலக்கம்.

சட்டம் எண்ணாததைப் பல்கலைக்கழகம் எண்ணலாம். எத்தனை லயத்துப் பிள்ளைகள் நுழைந்தனர், தமிழில் கற்று வந்தவர்களுள் எத்தனை பேர் முதலாண்டின் ஆங்கில விரிவுரையில் திகைத்து நின்றனர், எத்தனை பேர் பட்டமின்றித் திரும்பினர் என்பதை எவரும் கேட்காமலேயே தன் அறிக்கையில் எழுதலாம். சமூகத் தொடர்பு என்னும் அளவுகோலின் கீழ்க் கருத்தரங்குப் படங்களை அடுக்குமுன், மலையிலுள்ள ஒரு பாடசாலையின் உயர்தர வகுப்பாசிரியரை அழைத்து, “எம்மைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்கலாம். அவர் சொல்வதில் சில கோப்பில் இடத்தக்கதாயிராது. அதையும் இட வேண்டும்.