விடைகொடுக்கும் கலை

அமெரிக்காவில் பிக்கப் லாரி வைத்திருப்போரில் சிலர், விடுமுறை நாட்களில் வீட்டு முற்றத்திலேயே பிளைவுட்டும் அலுமினியத் தகடும் ஃபைபர் கிளாஸும் கொண்டு, கேபினின் கூரையிலிருந்து பின்கதவின் விளிம்புவரை சரிந்திறங்கும் ஒரு மூடியைத் தம் கையாலேயே செய்து, சரக்குத் தட்டின்மேல் பொருத்திக்கொள்கிறார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்தப் பிரயாசையின் சாஸ்திரத்தைப் படிக்கப் படிக்க, என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு கேள்வியின் அருகே வந்து நின்றேன்.

வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது; அதை வெல்லவேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. இத்தொல்லை முழுவதும் முகப்பில் வந்து மோதுவதென்றே நாம் கருதுகிறோம். ஆனால் முகப்பு ஓரளவு உருண்டிருந்தாலே காற்று இணங்கி வழிவிட்டுவிடுகிறது. கூரை சட்டென்று முடிந்து, தட்டு பள்ளமாய்க் கிடக்கும் இடத்தில்தான், அதுவரை ஒட்டிவந்த காற்று பிடியிழந்து சுழலாகக் குழம்ப, அங்கே அழுத்தம் குறைந்து, ஓடும் வண்டி பின்னோக்கி இழுக்கப்படுகிறது.

மூடி செய்பவர் அந்தக் காற்றை நிதானமாக இறக்கிவிடுகிறார். சரிவு ஏறத்தாழ 10, 12 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அவசரப்பட்டுச் செங்குத்தாக இறக்கினால் காற்று மறுபடியும் பிரிந்துவிடும். இதைச் சோதிக்கும் முறை மிக எளியது: கம்பளி நூல் துண்டுகளை மூடியெங்கும் வரிசையாக ஒட்டிவிட்டு, இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். காற்று தழுவிச் செல்லும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். பிரிந்த இடத்தில் திசை தெரியாமல் துடிக்கும்.

என்னை உறுத்திவந்த கேள்வியும் இதைப் போன்றதே: ஒன்றை விட்டு நிதானமாக நீங்குவது எப்படி? தொடங்குவதற்கு நாம் செய்யும் ஆயத்தமெல்லாம் எவ்வளவு! உத்தியோகத்தில் அமர, குடித்தனம் வைக்க, ஒரு சபையை நிறுவ நாள் பார்த்து, பலரைக் கலந்து, பணம் சேர்க்கிறோம்; அவற்றை விட்டு நீங்குவதற்கு எந்த ஆயத்தமும் செய்வதில்லை. எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர், தம் கடைசி வருஷத்தின் தொடக்கத்திலேயே கால அட்டவணையையும், பிறகு கணக்குப் புத்தகங்களையும், அதன்பின் பெற்றோரைச் சந்திக்கும் பொறுப்பையும் உதவித் தலைமையாசிரியரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். அவர் போனபின் அந்தப் பள்ளி தடுமாறவில்லை, அவரும் தடுமாறவில்லை.

ஆயினும் சரிவை முடிவின்றி நீட்டிக்கொண்டு போகவும் இயலாது. காற்றுக்கு உகந்தது மீனைப் போல நெடிது குறுகும் வால்தான். அவ்வளவு நீண்ட வாலைச் சுமந்து வண்டி தெருவில் திரும்புவதெப்படி? 1930-களில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் ஆராய்ச்சி செய்த வூனிபால்ட் காம் என்ற பேராசிரியர், போதிய தூரம் குறுகியபின் வாலை நறுக்கென்று வெட்டிவிடலாம், நஷ்டம் சொற்பமே என்று காட்டினார். மூடியைச் செய்வோரும் பின்கதவோடு அதை முடித்துக்கொள்கிறார்கள்; அவ்விளிம்பை மழுக்காமல் கூராகவே விடுவதுதான் நல்லது, மழுங்கினால் காற்று எங்கே பிரிவதென்று நிச்சயமின்றி அலையும். அந்தத் தலைமையாசிரியரும் ஓய்வு பெற்ற மறுநாள் முதல், யாரேனும் கேட்டாலொழியப் பள்ளி விஷயத்தில் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.