விடைப் பக்கத்தைத் திருப்பாதே!

வினாத்தாளில் என்.எம்.ஆர். கணக்கு வந்தால் அதைத் தாண்டி ஓடுகிறாயே, ஏன்? "அதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்குத்தான் வரும்" என்று யார் உனக்குச் சொன்னது? சொன்னவர் யாராக இருந்தாலும் அது பொய். எந்த மூலக்கூறும் உன் கல்லூரியின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிக்னல் தருவதில்லை.

எடு பேனாவை. கார்பன் நான்கு, ஹைட்ரஜன் எட்டு, ஆக்சிஜன் இரண்டு. சிக்னல்கள் மூன்று: 1.26 பி.பி.எம்.-இல் ட்ரிப்லெட், மூன்று புரோட்டான், 2.04-இல் சிங்லெட், மூன்று புரோட்டான்; 4.12-இல் குவார்ட்டெட், இரண்டு புரோட்டான்.

முதலில் ஃபார்முலாவைக் கசக்கிப் பிழி. நான்கு கார்பனுக்குப் பத்து ஹைட்ரஜன் இருந்திருக்கலாம், இருப்பது எட்டு. ஆகவே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு, இல்லையேல் ஒரு வளையம். அடுத்து, பக்கத்துக் கார்பனில் இரண்டு புரோட்டான் இருந்தால் சிக்னல் மூன்றாகப் பிளக்கும். மூன்று இருந்தால் நான்காக. ட்ரிப்லெட்டும் குவார்ட்டெட்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிட்டன: எத்தில்! சிங்லெட்டுக்கு அண்டை அயல் கிடையாது; அது தனி மெத்தில். மிச்சம் ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். எஸ்டர்!

அவசரப்படாதே. எத்தில் அசிட்டேட்டா, மெத்தில் புரொப்பனோயேட்டா? இரண்டுக்கும் ஒரே ஃபார்முலா, ஒரே பிளவு, ஒரே 3:3:2. சுமாராகப் படித்தவன் இங்கே காசு சுண்டிப் போடுவான். நீ குவார்ட்டெட் நிற்கும் இடத்தைப் பார். ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். அதை ஒட்டிய கார்பனின் புரோட்டான்களுக்கு மறைப்பு குறையும். சிக்னல் இடப்பக்கம் தள்ளிப்போகும். 4.12-இல் நிற்பது ஆக்சிஜனோடு ஒட்டிய கார்பன். எத்தில் அசிட்டேட்! மற்றதாக இருந்தால் குவார்ட்டெட் 2.3-க்கு இறங்கியிருக்கும், சிங்லெட் 3.7 பக்கம் ஏறியிருக்கும். இதில் மேதாவித்தனம் எங்கே இருக்கிறது? கூட்டல் கழித்தலும், விடாப்பிடியும்தான்.

1951-இல் ஸ்டான்ஃபோர்டில் எத்தனாலின் மூன்று சிக்னல்களையும் முதன்முதலாகப் பிரித்துக் காட்டிய கட்டுரையின் ஆசிரியர்கள் மூவர். அவர்களில் தர்மத்தி என்ற இந்தியரும் ஒருவர். பின்னாளில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து என்.எம்.ஆர். ஆய்வை வளர்த்தவர். உன்னிடம் இருப்பதுபோன்ற பி.பி.எம். அட்டவணை அன்று அவர்கள் கையில் இல்லை!

பெரியவர்கள் அச்சிட்டதாலேயே ஓர் அமைப்பு சரியாகிவிடுமா? ஹெக்சாசைக்ளினால் என்றொரு பூஞ்சைப் பொருள். அமைப்பு அச்சேறிவிட்டது, ஆய்வகத்தில் செய்தே முடித்தோம் என்று ஒரு கட்டுரைகூட வந்துவிட்டது. 2006-இல் ரிச்னாவ்ஸ்கி என்ற வேதியியலாளர் அந்த அமைப்புக்கு வரவேண்டிய கார்பன் சிக்னல்களைக் கணினியில் கணக்கிட்டார். பொருந்தவில்லை. வேறோர் அமைப்பை முன்வைத்தார். அதே ஆண்டில் போர்கோ என்ற இன்னொரு வேதியியலாளரின் குழு அதை ஆய்வகத்தில் செய்து பார்த்தது. எண்கள் அச்சாகப் பொருந்தின. எண்களை நம்பியவன் எதிர்த்துப் பேசலாம். அந்த உரிமை உனக்கும் உண்டு!

சரி, அதே ஃபார்முலாவில் இன்னொன்று தருகிறேன். 8.0-இல் ஒரு புரோட்டான், சிங்லெட். 5.1-இல் ஒரு புரோட்டான், ஏழாகப் பிளந்தது. 1.3-இல் ஆறு புரோட்டான், டப்லெட். விடை இங்கே இல்லை. யாரிடமும் கேட்காதே. வரை!