ஒரு காலடிக்கு என்ன கனம்?

வெயில் காலம் வந்துவிட்டால் நம் கோயில் குடும்பங்களில் பலர் சனிக்கிழமை விடியற்காலையிலேயே புளியோதரைப் பொட்டலத்தோடு வடக்கு நோக்கிக் கார் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு நியூஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள் சில மணி நேரப் பயணம்தான். முன்பெல்லாம் காரிலிருந்து இறங்கி அருவியைப் பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. உச்சி வரை நடக்கவேண்டும், முடிந்தால் பாதையே இல்லாத முகட்டிலும் நடக்கவேண்டும் என்கிறார்கள். நம் முழங்கால்கள்தான் ஆட்சேபிக்கின்றன.

ஃபிராங்கோனியா முகட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று சிகரங்களையும் இணைத்து ஏறி இறங்கினால் சுமார் 9 மைல். லஃபாயெட் 5,200 அடிக்கு மேல். மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி நின்றுபோன பிறகு, கிட்டத்தட்ட 2 மைல் தூரம் இரு பக்கமும் சரிவு, நடுவில் நாம். அங்கே பாதையின் ஓரங்களில் கல்லை அடுக்கித் தாழ்வான வரிசை கட்டியிருக்கிறார்கள். தாண்டுவதற்கு ஒரு குழந்தையாலும் முடியும். தாண்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக மட்டுமே வைத்த சுவர் அது.

சென்ற கோடையில் அந்த இடத்தில் நம் கூட்டத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, நான் ஒருத்தன் அந்தப் பக்கம் நாலு அடி வைத்தால் இந்த மலைக்கு என்ன ஆகிவிடும்?" உடனிருந்த பெரியவர்கள், "ரூல் என்றால் ரூல்தான்" என்று வாயை அடைத்தார்கள். அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. நியாயமான கேள்விக்கு அது பதிலும் இல்லை.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பூட்ஸ் ஒரு முறை பட்டதால் மலை அழிவதில்லை. "எல்லாரும் இப்படிச் செய்தால்?" என்று நாம் வழக்கமாகக் கேட்போம். "எல்லாரும் செய்யவில்லையே மாமா, நான் மட்டும்தானே" என்று அவன் சொன்னால் நம் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

ஆனால் அந்தக் கல் வரிசைகள் ஏன் வந்தன என்று பாருங்கள். ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு சின்னஞ்சிறு செடி, மஞ்சள் பூ பூக்கும். உலகில் வேறெங்கும் இல்லை, இந்த வெள்ளை மலைகளில் மட்டும்தான். வாஷிங்டன் மலைக்குப் போகும் கிராஃபோர்டு பாதை அது வளர்ந்த இடத்தின் ஊடாகவே சென்றது. அதைக் கொல்லவேண்டும் என்று ஒருவரும் மலை ஏறவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். செடி மேல் ஆசை கொண்ட தாவரவியல்காரர்களும் மாதிரிக்கு என்று பிடுங்கிப் போனார்கள். 1980இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1983இல் பாதையையே விலக்கி வேறு வழியாக அமைத்தார்கள். அப்பலேச்சியன் மவுண்டன் கிளப்பும் அரசாங்கமும் பல ஆண்டுகள் பாடுபட்ட பிறகு, 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. இவ்வளவு பாதகத்துக்கும் இவர்தான் காரணம் என்று ஒரு காலைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது.

மயிலிறகை ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைப் பற்றி வள்ளுவர் சொன்னது நினைவுக்கு வரும். அவர் அதை வலியறிதலில், பகைவரின் வலிமையை எடைபோடும் அரசனுக்காகச் சொன்னார். எனக்கு எழும் கேள்வி வேறு. அச்சு முறிந்த பிறகு எந்த இறகின் மேல் குற்றம் சொல்வது? கடைசி இறகு மட்டும் பாவம் செய்ததா?

இங்கிலாந்தின் தத்துவப் பேராசிரியர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' என்ற நூலில் இதே சிக்கலை எடுத்துக்கொள்கிறார். ஆயிரம் பேர் தாகத்தோடு கிடக்கிறார்கள். வேறு ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீரை ஒரே வண்டியில் ஊற்றி அனுப்புகிறார்கள். ஒருவருடைய பங்கு பிரிந்து போய் ஒருவர் வாய்க்குச் சேர்வது துளிதான், குடிப்பவருக்கே தெரியாது. அதற்காக ஊற்றியவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகுமா? என் செயல் மட்டும் என்ன செய்தது என்று கேட்டால் போதாது, பலர் சேர்ந்து செய்யும் எந்தச் செயலில் அது ஒரு பங்கு என்றும் கேட்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நன்மைக்குப் பொருந்துவது தீமைக்கும் பொருந்தும்.

இது நல்ல பதில்தான். ஆனாலும் மலையில் நடக்கும்போது எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. காலடி செடியை மிதிப்பதோடு நிற்பதில்லை, பின்னால் வருபவன் கண்ணிலும் படுகிறது. "இங்கே ஒருவர் போயிருக்கிறார், நீயும் போகலாம்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பையனின் நாலு அடிக்குச் செடியைப் பொறுத்தவரை கனம் குறைவு. தடம் என்ற வகையில் கனம் அதிகம். நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் அவன் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

பாதையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. பாதை உள்ள இடத்தில் சேறாக இருந்தாலும் நடுவிலேயே, ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். பாதை இல்லாத, மனிதர் அதிகம் போகாத இடத்தில் ஒருவர் தடத்தில் மற்றவர் கால் வைக்கக்கூடாது, பரவி நடக்கவேண்டும். முன்னோர் போன வழியிலேயே போ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாக இருக்கும். காரணம் எளிது. ஏற்கனவே மிதிபட்ட மண்ணில் ஆயிரத்தோராவது கால் செய்யும் கெடுதல் அற்பம். புது இடத்தில் முதல் சில கால்கள்தாம் அதிகக் கெடுதல் செய்கின்றன. பத்துப் பேர் ஒரே வரிசையில் போனால் அன்றைக்கே ஒரு பாதை பிறந்துவிடும். மெத்தைபோல் தரையோடு படர்ந்திருக்கும் டயபென்சியா போன்ற செடிகள் உள்ள இடத்தில் பரவி நடப்பதும் ஆகாது. அங்கே பாறை விட்டுப் பாறைதான்.

ஃபிராங்கோனியா முகட்டுக்குக் கிழக்கே உள்ள பெமிகேவாசெட் காட்டில் ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. நாம் கிளம்பினால் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிடுகிறோம். சட்டத்துக்கு இரண்டு குழு, சாப்பாட்டுக்கு ஒரே குழு என்று ஐந்து நிமிட இடைவெளியில் நடப்பது நமக்குக் கைவந்த கலை. காவலரை ஏய்க்கலாம், மண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

எனக்கு உண்மையில் சங்கடமாக இருப்பது வேறு இடம். பரவி நட என்கிறது செடிக்கான தர்மம். சேர்ந்து நட, மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நட, யாரையும் பின்னால் விட்டுவிடாதே என்கிறது கூட வந்தவருக்கான தர்மம். இந்த முகடுகளில் மேகம் சொல்லாமல் இறங்கும். பத்தடி தள்ளி நடந்த மாமி காணாமல் போக நிமிடம் போதும். இரண்டும் மோதினால் நான் யோசிக்காமல் மனிதர் பக்கம் நிற்பேன். குளிரில் நடுங்கும் குழந்தையைக் கீழே கொண்டுசேர்க்கச் செடி மேல்தான் நடக்கவேண்டும் என்றால் நடக்கவேண்டியதுதான். ஆனால் அந்த நெருக்கடியை நாமே உண்டாக்கிக்கொள்ளாமல் இருப்பது காலையிலேயே நம் கையில் இருக்கிறது: எத்தனை பேர், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவது, வானிலை சரியில்லை என்றால் யார் வாய் திறந்து சொல்வது என்பதையெல்லாம் கார் நிறுத்துமிடத்திலேயே பேசிவிடலாம். கூட்டத்தோடு போகும்போது எல்லாரும் யோசித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு ஒருவரும் யோசிக்காமல் இருப்பதும் உண்டு.

அப்படி வேறு வழியின்றி இறங்கிய இடத்தில் தடம் தெளிவாகத் தெரிந்தால், காய்ந்த கிளைகளை அதன் மேல் இழுத்துப் போட்டுவிட்டு வரலாம். பாதையைப் பராமரிக்கும் தொண்டர்களும், வேண்டாத தடங்களை மறைக்க இதையே செய்கிறார்கள். மரமில்லாத உயரத்தில் அதற்கும் வழியில்லை.