பதம்

அக்டோபர் கடைசி ஞாயிறு.

இரவு முழுக்கத் தூறல். காலையில் பால் வாங்கப் போனபோது சாலையோரப் புகையிலைக் கொட்டகையில் ஆட்கள் உத்தரங்களில் ஏறி நின்று இலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு திங்கள் எல்லாம் அவர்களுக்குக் கணக்கில்லை. இரண்டு மாதமாகத் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்த இலை, வெயில் நாளில் தொட்டால் அப்பளம் போல நொறுங்கிவிடும். மழையோ மூடுபனியோ வந்து காற்றில் ஈரம் ஏறினால்தான் துணி போல மடங்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். இந்த ஊரில் அந்த வானிலைக்கு ‘டாம்ப்’ என்று பெயர். எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் பதம் என்போம்.

வண்டியை ஓரம்கட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தேன். வயதான ஒருவர் கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் மூடிக் காதருகே வைத்து மெல்லக் கசக்கினார். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. மேலே நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் இருப்பது கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்கு வடக்கே. ஆற்றோர வண்டல் நிலம். 1600களின் நடுவிலிருந்தே இங்கே புகையிலை உண்டு. 1900 வாக்கில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, அதன் நிழலில் மெல்லிய இலை வளர்க்கத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1944 கோடையில், கல்லூரியில் சேருமுன், பக்கத்து சிம்ஸ்பரியில் புகையிலைத் தோட்ட வேலைக்கு வந்திருக்கிறார். இப்போது கொட்டகையிலிருந்து இறங்குவது பந்தல் இலை இல்லை, பிராட்லீஃப். நேர் வெயிலில் தடித்து, நரம்பு புடைத்து, கையில் ஒட்டும் பிசினோடு வளர்வது. இலை இலையாகக் கிள்ளுவதில்லை. செடியைத் தண்டோடு வெட்டி, வயலிலேயே வாடவிட்டு, மரச்சட்டத்தில் குத்திக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். தண்டில் மிச்சமிருக்கும் சாறு கடைசிவரை இலைக்கு இறங்கும் என்பது விவசாயிகளின் நம்பிக்கை.

இந்த இலையில் பெரும்பங்கு நிகராகுவாவுக்கும் டொமினிகன் குடியரசுக்கும் கப்பலேறுகிறது. அங்கே புளித்து, முதிர்ந்து, சுருட்டின் மேலிலையாகி, சில வருடம் கழித்து எங்கள் ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. இன்று மாலைக்கு எடுத்து வைத்திருப்பது அப்படி ஒன்றுதான். நிகராகுவாவின் எஸ்தெலியில் சுற்றியது. மேலிலை மட்டும் இந்தப் பள்ளத்தாக்கு.

*

மூன்றரை மணி. பின்பக்க மரத்தளம். தரை இன்னும் ஈரம்.

நீளம் ஆறு அங்குலம், பருமன் 52 ரிங். ஒரு ரிங் என்பது ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு; ஆக, 20 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விரலால் வருடினால் பொடி மணல் போல ஒரு சொரசொரப்பு, அதன் மேல் எண்ணெய்ப் பசை. நிறம் கறுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பழுப்பு; அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்தும் கறுத்தும். அந்தத் திட்டுகள் இருக்கட்டும். இலையை அவசரமாக ஆவியில் வேகவைத்தும், சாயம் ஏற்றியும் கறுப்பாக்குகிற வழக்கம் உண்டு. அப்படிச் செய்தது தலை முதல் கால்வரை ஒரே கறுப்பாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை.

இப்படிக் கறுத்த மேலிலைக்கு மதூரோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் பழுத்தது என்று பொருள். மதுரம் என்ற சொல்லோடு அதற்கு உறவில்லை என்று தெரிந்தும் என் காது இரண்டையும் ஒட்டவைத்துக்கொள்கிறது.

பழுக்கவைப்பது நெருப்பு இல்லாத சூடு. காய்ந்த இலையை லேசாக நனைத்து ஆளுயரத்துக்குக் குவிக்கிறார்கள். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாமல் கொதிக்குமே, அதே சங்கதிதான். குவியலின் வயிற்றுக்குள் சூடு ஏறுகிறது. அளவு தாண்டுமுன் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். பிரிக்கும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இலையின் காரல் அந்த நெடியோடுதான் வெளியேறுகிறது; நிகோடினும் கொஞ்சம் குறைகிறது. மெல்லிய இலை இந்தச் சூட்டுக்குக் கிழிந்து போகும். பிராட்லீஃப் தாங்கும். மற்ற இலைகளைவிடக் கூடுதல் சூட்டில், கூடுதல் காலம், திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கப்பட்டு அது இந்த நிறத்துக்கு வருகிறது.

கறுப்பு என்றாலே காட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். காட்டம் மேலிலையின் நிறத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. செடியின் உச்சியில் வெயிலை முழுக்க வாங்கும் இலைகளுக்கு லிகெரோ என்று பெயர். தடித்தவை, மெதுவாக எரிபவை. அதனால் சுருட்டின் நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். ஒரு சுருட்டு ஆளை உலுக்குமா உலுக்காதா என்பதை முடிவு செய்வது அந்த நடு இலை.

*

நுனியை வெட்டி, பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தேன். உலர்ந்த திராட்சை, கோகோ. மறுமுனையை முகர்ந்தால் மழைக்கால மாட்டுத் தொழுவம், பழைய வைக்கோல். பிடிக்காதவர்களுக்கு இது நாற்றமாகத் தோன்றலாம். எனக்கு ஊர்.

தீக்குச்சியைத் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, முனையைச் சுற்றிலும் சிவக்கவைத்தேன். முதல் பத்து நிமிடம் மிளகு. நாக்கைவிட மூக்கில் அதிகம். புகையை நெஞ்சுக்கு இழுக்காமல் வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விட்டால் கண் கலங்குகிறது. மிளகுக்குப் பின்னால் வறுத்த காப்பிக்கொட்டை. அதற்கும் பின்னால் ஏதோ இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அதற்கு மேல் அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை. மேப்பிள் மரத்தில் பாதி இலை உதிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ சருகு வாருகிறார்கள்.

தாத்தா நினைவுக்கு வந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணைக்கு வருவார். பெட்டிக்கடையில் சுருட்டுக் கட்டு வாங்கிவருவது என் வேலை. வாங்கி வந்ததும் பற்றவைத்துவிட மாட்டார். ஒன்றை உருவிக் காதோரம் வைத்து விரலால் உருட்டுவார். சலசலத்தால், “காஞ்சு கெடக்குடா, மாத்திட்டு வா” என்பார். சத்தமே இல்லாமல் மெத்தென்றிருந்தால், “இன்னும் பதம் வரல” என்று கூரைச் செருகலில் வைத்துவிடுவார். இரண்டு நாள் கழித்து எடுப்பார். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் சுருட்டிலிருந்து போன சொல். ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்ற பெயர் லண்டன்வரை தெரிந்திருந்தது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே அதன் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்தச் சத்தம். இன்று காலை கொட்டகையில் அந்தப் பெரியவர் இலையைக் காதருகே கொண்டுபோனபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று இப்போதுதான் புரிகிறது.

*

நாலேகால். சாம்பல் ஓர் அங்குலம் நின்று, தானாக விழுந்தது. வெளிர் சாம்பல் நிறம், கெட்டி.

ஒரு பக்கம் மட்டும் எரியாமல் பின்தங்கியது. எண்ணெய்ப் பசையுள்ள தடித்த மேலிலையில் இது சகஜம். பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பி இரண்டு நிமிடம் வைத்தேன். சரியாகிவிட்டது.

நடுப்பகுதி தொடங்கியதும் மிளகு ஒதுங்கி வழிவிட்டது. அதன் பின்னால் ஒளிந்திருந்தது இப்போது தெரிகிறது: கருப்பட்டி. அடுப்பில் பாகு முறுகி, இன்னும் அரை நிமிடம் விட்டால் கருகிவிடும் என்ற கட்டத்தில் ஒரு வாசனை வருமே, அது. கூடவே நனைந்த செம்மண், பழைய தோல்பை. சுருட்டு பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் இந்த இடத்தில் மொலாசஸ் என்று எழுதும். நான் மொலாசஸ் சாப்பிட்டு வளரவில்லை.

சுருட்டுக் குறிப்பு எழுதும் நோட்டில் சுவைக்கு ஒரு பத்தி, கனத்துக்கு ஒரு பத்தி, காட்டத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து வைத்திருக்கிறேன். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கனம் என்பது புகை நாக்கில் படியும் விதம். மோருக்கும் சுண்டக் காய்ச்சிய பாலுக்கும் உள்ள வித்தியாசம். இது பால். இழுப்பை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் அண்ணத்தில் இருக்கிறது. காட்டத்தை நாக்கு சொல்லாது. அரை மணி நேரம் கழித்து வயிறும் நெற்றிப் பொட்டும் சொல்லும். இன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வெறும் வயிற்றில் இதைத் தொட்டால் தலை சுற்றும், வியர்த்துக் கொட்டும். அப்போது சர்க்கரைத் தண்ணீர் உதவும்.

*

நாலே முக்கால். கடைசிப் பகுதி.

சூடு ஏறிவிட்டது. கருப்பட்டி போய்க் கரி மிஞ்சுகிறது. நெற்றியில் லேசாக வியர்வை. இரண்டு விரல்கடை மிச்சம் இருக்கும்போதே கிண்ணத்தில் வைத்துவிட்டேன். நசுக்கவில்லை, தானாக அணையட்டும். நசுக்கினால் அதுவரை இருந்த நல்ல வாசனையெல்லாம் கெட்டுப்போகும்.

நோட்டில் எழுதியது: மேலிலை நன்று. முதல் பகுதி முரடு. நடுப்பகுதிக்காக இன்னொரு முறை வாங்கலாம். கடைசிப் பகுதி வேண்டாம். இன்னும் ஒரு வருடம் பெட்டியில் கிடந்தால் அந்த மிளகு அடங்கும்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். தாத்தாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஆறவே இல்லை. கடைசி மூன்று மாதம் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தோம். சுருட்டுப் புகையை நெஞ்சுக்கு இழுப்பதில்லையே என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் வரும் புற்றுநோய்க்கு அந்த ஆறுதல் குறுக்கே நிற்காது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும். வருடத்துக்கு நான்கு என்று வைத்திருக்கிறேன். இது இந்த வருடத்தின் மூன்றாவது. நோட்டு போடுவது அந்தக் கணக்குக்காகவும்தான்.

இதுவரை தொடாதவர்கள் தொட வேண்டாம். அக்டோபரில் இந்தப் பக்கம் வந்தால், இரவு தூறல் போட்ட மறுநாள் காலை ஹார்ட்ஃபோர்டுக்கு வடக்கே வயல் சாலையில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். கொட்டகைப் பலகைகள் திறந்திருக்கும். கருப்பட்டியும் தொழுவமும் கலந்த அந்த வாசனை சாலைவரை வரும். அதற்குத் தீப்பெட்டி தேவையில்லை.