கையிருப்பு குறையும்போது

சூது ஹராம் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. இன்றும் இல்லை. ஆயினும் ஒரு சூதாட்டத்தின் கணக்குத்தான் என் வாழ்க்கையின் பெரிய பிழையொன்றை எனக்கு எடுத்துக் காட்டியது. அதை ஒப்புக்கொண்டே இதனைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியில் சுமார் 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. வாசனைத்திரவியத் தோட்டங்களுக்கும் பாறைக் குகை விகாரைக்கும் பெயர்போன ஊர். என் தங்கையின் வீடு அங்கேதான். கணவர் மௌத்தான பிறகு அவளுக்கு மிஞ்சியது வீட்டுக்குப் பின்னாலுள்ள சிறு மிளகுக் காணி. கொழும்பில் வேலையை இழந்து வந்திருந்த அவளது மகன், கைத்தொலைபேசியில் போக்கர் சுற்றுப்போட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். "சல்லி வெச்சு விளையாடல்ல மாமா, பார்க்கிறது மட்டும்தான்" என்றான். நம்பினேன்.

ஒரு பின்னேரம் அவனே விளக்கினான். எல்லோரும் சம அளவு சில்லுகளோடு தொடங்குவார்கள். சில்லு தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்க்கு முன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். ஒருவர் பெரியது, மற்றவர் பெரும்பாலும் அதில் பாதி. இம்முறை மேசையைச் சுற்றி வருவதற்குள் ஒவ்வொருவரிடமும் ஒன்றரைப் பெரிய பந்தயம் கரைந்துவிடும். மேலதிகக் கட்டணமும் சேர்ந்தால் இரண்டரை ஆகலாம். நேரம் போகப் போக இத்தொகை ஏறும். ஆகவே பத்துப் பந்தய அளவே மிஞ்சியவன் நல்ல சீட்டுக்காக இரண்டு சுற்றுக் காத்திருந்தால் கையில் ஐந்துதான். அதை இரட்டித்தாலும் பழைய பத்துக்கே வந்து சேர்வான்.

அந்நிலையில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரண்டே வழிகளைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, சீட்டை எறிவது. மற்றது, பொதுச் சீட்டுகள் விரிக்கப்படு முன்னரே முதல் ஆளாக அனைத்தையும் நடுவே தள்ளுவது. 'ஓல்-இன்' என்பது இதுதான். முதலில் தள்ளுபவனுக்கு வெற்றிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மற்றவர்கள் பயந்து விலகலாம். விலகாவிட்டால் சீட்டு வெல்லலாம். ஆக மோசமான கையெனப்படும் ஏழும் இரண்டும்கூட ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை வெல்லும். ஆனால் இரண்டே பந்தய அளவு மிஞ்சியவனுக்கு யாரும் பயப்படுவதில்லை. அவனுக்கு முதல் வாசல் மூடிவிட்டது.

"சும்மா காத்துக்கொண்டிருக்கிறதுக்கும் சல்லி போகுது மாமா. அது கண்ணுக்குத் தெரியிறதில்ல" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. மாத்தளையில் எனக்கொரு புடவைக்கடை இருந்தது. வியாபாரம் விழுந்த பிறகும் நாலு வருடம் வாடகை கட்டினேன். கேட்டவர்களிடம் ஸபூர் செய்கிறேன் என்றேன். சரக்கை விற்று வேறு தொழிலுக்கு மாறியிருக்கலாம், பயம். பயத்துக்கு ஸபூர் என்று பெயர் வைத்திருந்தேன். கடை மூடியபோது மாறுவதற்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதுதான் அவன் விஷயத்துக்கு வந்தான். காணியை விற்று, முழுப் பணத்தையும் கட்டி, வெளிநாடு போக வேண்டும். "நீங்க சொன்னா உம்மா கேப்பா. எங்கட கையில பத்துத்தான் மிச்சம் மாமா. காத்திருந்தா அஞ்சு."

பதில் சொல்லாமல் விகாரைப் பக்கம் நடந்தேன். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டுமே காக்கப்பட்ட திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. படையெடுப்பு, பெரும் பஞ்சம். மனனம் செய்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலை ஒரேயொரு துறவி மட்டுமே அறிந்திருந்தார், அவரும் ஒழுக்கம் கெட்டவர், வேறு வழியின்றி அவரிடமே மற்றவர்கள் அதைப் பாடம் கேட்டார்கள் என்று விளக்கவுரை மரபில் ஒரு செய்தி உண்டு. கையிருப்புக் குறைவது என்றால் அதுதான். நமது வரலாற்றிலும் யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பின்னரே, முதலில் தயங்கிய அபூபக்கர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு குர்ஆனை ஒன்றுதிரட்டினார்கள்.

இரு சாராரும் காத்திருக்கவில்லை. மருமகனின் கணக்கு அதுவரை சரி. ஆனால் அவர்கள் எதையும் பணயம் வைக்கவுமில்லை. எழுத்து வந்ததால் மனனத்தைக் கைவிடவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை இரண்டு இடத்தில் கட்டினார்கள். ஓல்-இன் இதற்கு நேர் எதிரானது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொங்கவிடுவது அது.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் வாதாடிப் பார்த்திருக்கின்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டமென்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளையெல்லாம் தடை செய்தது. எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. நடுவே தள்ளப்படுவது யாருடையது என்பதே கேள்வி. போட்டியில் தோற்பவன் இழப்பது நுழைவுக் கட்டணத்தை. நாளை வேறொரு மேசை உண்டு. 1982இல் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரேயொரு சில்லுக்கு இறங்கி, பின்னர் 104 பேரில் முதலாவதாக வந்தார் என்பதை இன்றும் சொல்கிறார்கள். ஒரு சில்லோடு எழுந்துபோனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் தள்ளியது தாயின் காணியாக இருந்தாலும் பேசமாட்டார்கள்.

திரும்பி வந்து மருமகனிடம் சொன்னேன்: "சும்மா இருக்காதே. ஆனா எல்லாத்தையும் போடாதே. பாதியோட என்ன செய்யலாமென்று பார்ப்போம்."

அவன் சிரித்தான். "பத்து மிச்சமிருக்கக்குள்ள பாதி போடுறதுதான் மாமா பெரிய பிழை. பாதி போட்ட பிறகு மிச்சத்தைக் காப்பாத்தவும் ஏலாது, யாரையும் பயப்படுத்தவும் ஏலாது."

"அந்த மேசையில சரி மகன். அங்க சுத்தியிருக்கிறவங்க எல்லாரும் ஒன்ட சில்லை எடுக்க வந்தவங்க. இங்க ஒன்ட உம்மாவும் தங்கச்சியும் இருக்கிறாங்க. அந்தக் காணியில அவங்கட நாளைக்கான சோறும் இருக்கு."

பாதி வழியே இல்லாதபடி அமைக்கப்பட்டது அந்த மேசை. வாழ்க்கை அப்படி அமைக்கப்படவில்லை. 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று இல்லாதவனிடம் சொல்பவர்கள் அநேகமாகக் கடன் கொடுப்பவர்களும் தரகர்களுமே. அதைத் தைரியம் என்று நாமும் பாராட்டுகிறோம். என்னைப் போன்றவர்கள் சும்மா கிடந்ததை ஸபூர் என்றும் பாராட்டுகிறோம். இரண்டு பாராட்டும் பிழை என்றே இப்போது நினைக்கிறேன். தாமதிப்பதற்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் காட்டி, பிறருடைய பங்கைத் தள்ளும் உரிமையை யாரும் பெற்றுவிட முடியாது.

தங்கையிடம் இரு பக்கத்தையும் சொன்னேன். காணி அவளுடையது; முடிவும் அவளுடையது. அவள் முதலில் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதுவரை அந்தப் பிள்ளையிடம் நாங்கள் எவரும் கேட்டிருக்கவில்லை. கடைசியில் காணி விற்கப்படவில்லை. மிளகு இரண்டு வருடக் குத்தகைக்குப் போனது. அந்தச் சல்லியில் மருமகன் மாத்தளையிலேயே ஒரு தொழில் பழகுகிறான்.

இதை அவன் இன்னும் பாதி ஆட்டம் என்றுதான் சொல்கிறான்.